பழனியின் கையைப் பற்றி அப்பாவுக்கு

என்னைப் ‘பியூலாம்மா’ என்று கூப்பிட்ட ஒரே மனிதரான என் அப்பாவுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது அப்பா. போன வியாழக்கிழமை. பாடம் எடுக்கும் பள்ளியில் லீவு சொல்லிவிட்டு நான் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். அம்மா வரவில்லை. “நீ கேட்டுட்டு வந்து சொல்லு, எனக்கு அங்க வந்து உட்கார தெம்பில்ல” என்று சொல்லிவிட்டாள்.

என்ன தீர்ப்பு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். உங்களுக்கு எதிலும் அவசரம் கிடையாது. எக்ஸ்ரே கையில் வந்தால்கூட முதலில் பெயரைப் படிப்பீர்கள், அப்புறம் வயதை, அதற்குப் பிறகுதான் எலும்பு. இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளையும் நடுநடுவே சொல்லவேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் டாக்டர் இல்லை. ஓர் அரசு ஆஸ்பத்திரியில், எலும்பு முறிவுப் பிரிவின் கடைசி அறையில் மாவுக்கட்டு போடுகிறவர். முப்பது வருடத்துக்கு மேல் அதே அறை, அதே நீல வாளி. கட்டுத்துணியைத் தண்ணீரில் முக்கி, குமிழி வருவது நிற்கும்வரை காத்திருந்து, இரண்டு முனையையும் பிடித்து மெதுவாகப் பிழிவீர்கள். வீட்டுக்கு வரும்போது முழங்கையில் எங்காவது ஒரு வெள்ளைப் பொட்டு காய்ந்து ஒட்டியிருக்கும். அம்மா அதை நகத்தால் சுரண்டிவிட்டுத்தான் காபி கொடுப்பாள். மாடியிலிருந்து விழுந்த கொத்தனார்கள், ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டியோடு சாய்ந்தவர்கள், பள்ளி மைதானத்தில் கையை உடைத்துக்கொண்ட பிள்ளைகள் என்று தாம்பரத்தைச் சுற்றியுள்ள பாதிப் பேரின் கையோ காலோ உங்கள் மடியில் இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் எழுதியே ஆகவேண்டும். சர்ச் முடிந்து வந்து மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். என் போனில் ஒரு படம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஓர் ஆள், இரண்டு கையிலும் மாவுக்கட்டு. கீழே, ‘ஸ்டேஷன் பாத்ரூம் ரொம்ப வழுக்கும் போல’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். நான் சிரித்தேன். ஊரே சிரித்துக்கொண்டிருந்த காலம் அது. பிடிபட்டவன் எவனாயிருந்தாலும் மறுநாள் கட்டோடு படம் வரும், வழுக்கி விழுந்தான் என்று செய்தி வரும். நல்லா வேணும் என்று நானும் நாலு பேருக்கு அனுப்புவேன். அன்றைக்கும் அனுப்பிவிட்டு, அந்தப் படத்தை உங்கள் பக்கம் நீட்டினேன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தீர்கள். “இந்த இடது கைக் கட்டு நான் போட்டது” என்றீர்கள்.

“அவன் திருடன் தானேப்பா?” என்றேன்.

“அது எனக்குத் தெரியாதும்மா. எனக்கு எலும்பு மட்டும்தான் தெரியும்.”

“பாத்ரூம்ல விழுந்ததுன்னு...”

“விழுந்ததுக்கும் அடிச்சதுக்கும் கட்டு ஒண்ணுதான். போலீஸ் சீட்டுல விழுந்தான்னு எழுதி எடுத்துட்டு வருவாங்க. நான் கட்டிட்டு அனுப்புவேன். எத்தனை வருஷமா!” என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டீர்கள். நான் அந்தப் படத்தை அழித்தேன். அனுப்பிய நாலு பேரிடமிருந்து அதை எப்படித் திரும்ப வாங்குவது?

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் பழனி உங்கள் அறைக்கு வந்தார்.

பழனி பெரும்பாக்கம் குடியிருப்பில் இருக்கிறவர். பெயின்டர். வண்டலூர் பக்கம் ஒரு செயின் பறிப்பு நடந்ததற்காக அவரை வீட்டிலிருந்து கூட்டிப்போயிருந்தார்கள். இளவயதில் ஒரு பைக் திருட்டில் அவர் பெயர் இருந்தது உண்மை. அதை அவரே மறைக்கமாட்டார். “நான் யோக்கியன்னு சொல்லல மிஸ். அந்த பைக்க எடுத்தது நான்தான். இது நான் இல்ல, அவ்ளோதான்” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். உண்மையில் பறித்தவன் வேறோர் ஊரில் பிடிபட்டு, பழனி அந்த வழக்கிலிருந்து விடுதலையானது பின்னால் நடந்தது. அதற்குள் கை போய்விட்டது.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும் என்று சொன்னீர்கள். இரண்டு போலீஸ்காரர்கள் அவரைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். ஒருவர் புதுசு. இன்னொருவர் நம் சாமுவேல் அங்கிள்.

அங்கிள் யாரென்று படிக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டும். நம் சர்ச்சில் மூன்றாவது வரிசையில் உட்காரும் ஹெட் கான்ஸ்டபிள். பெருவெள்ளத்தில் முடிச்சூரே ஏரியாகிக் கிடந்தபோது நாம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். அம்மாவுக்கு அப்போது முழங்கால் ஆபரேஷன் ஆகி இருபது நாள்கூட ஆகவில்லை. டியூட்டி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் கழுத்தளவு தண்ணீரில் வந்து அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர் அங்கிள். அன்றிலிருந்து நம் வீட்டு கிறிஸ்துமஸ் கேக்கின் முதல் துண்டு அவர் வீட்டுக்குத்தான் போகும்.

அவரைப் பார்த்ததும் நீங்கள் “என்ன சாமுவேல்?” என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் உங்கள் முகத்தைப் பார்க்காமல், “பாத்ரூம்ல வழுக்கிட்டாண்ணே” என்று சொல்லியிருக்கிறார்.

பழனியும் அதையேதான் சொன்னார். “காலு சிலிப்பாயி வுயுந்துட்டேன் சார்.”

நீங்கள் அவருடைய வலது கையைத் தொட்டுப் பார்த்தீர்கள். மணிக்கட்டில் ஒன்றுமில்லை. முன்னங்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு உடைந்திருந்தது. செருப்பில்லாத கால்கள் பெஞ்சிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டு உள்ளங்காலும் கன்றித் தடித்திருந்தன. “மாவு தெறிக்கும், கொஞ்சம் வெளியில நில்லுங்க” என்று இரண்டு போலீஸ்காரர்களையும் வாசலுக்கு அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தி என்ன நடந்தது என்று கேட்டீர்கள்.

“கேக்காத சார்” என்றார் பழனி. “நீ கேட்டுட்டு வூட்டுக்குப் போயிடுவ. நான் அவுங்க கூடத்தான் வண்டில போவணும்.”

அதற்கு மேல் நீங்கள் கேட்கவில்லை. கட்டு போட்டீர்கள். டாக்டரிடம் போய்ச் சொன்னீர்கள். வெளியே வரிசை வராந்தாவைத் தாண்டி நின்றுகொண்டிருந்தது. “போலீஸ் மெமோல இருக்கறதைத்தான் நான் எழுத முடியும், போங்க” என்று அவர் சொல்லிவிட்டார். திரும்பி வந்து, கட்டு அறை நோட்டில் பழனியின் பெயரை எழுதி, எப்போதும் காலியாகவே இருக்கும் ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் எழுதினீர்கள்: ‘இரு உள்ளங்காலிலும் தடிப்பு. கை அடிபட்டு முறிந்ததுபோல் உள்ளது. விழுந்ததுபோல் இல்லை.’ கூட்டிவந்த இரண்டு போலீஸ்காரர்களின் பெயரும் எழுதி, கீழே கையெழுத்து.

அத்தனை வருடம் எழுதாததை அன்றைக்கு ஏன் எழுதினீர்கள்? அன்று நான் அந்தப் படத்தை நீட்டியதாலா? அங்கிள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாலா? பழனி சொன்ன அந்த வார்த்தையாலா? உங்களிடம் கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

அதன்பிறகு நீங்கள் ஓய்வு பெற்றீர்கள். அந்த நோட்டு எங்காவது ஒரு பீரோவில் தூசி படிந்து கிடக்கும் என்றுதான் நீங்களும் நினைத்திருப்பீர்கள். ஆனால் பழனியின் மனைவி செல்வியை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிற பெண். ஒரு வக்கீலம்மாவைப் பிடித்து, கோர்ட்டில் புகார் கொடுத்து, ஆஸ்பத்திரியின் காகிதங்களை எல்லாம் மனு மேல் மனுவாகப் போட்டு வாங்கியிருந்தாள். டாக்டர் சீட்டு, எக்ஸ்ரே எல்லாம் வந்தபிறகு, கடைசியாகத்தான் அந்த நோட்டின் நகல் வந்ததாம்.

அவள் நம் வீட்டைத் தேடிக்கொண்டு வந்த மாலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வேலை முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்று, “கட்டு போடற சார் வூடு இதானா?” என்றாள். நீங்கள் உள்ளே வரச்சொன்னதும் அவளுக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

“எவ்ளோ நாளா உங்கள தேடிகினு கீறேன் தெரியுமா சார்? எல்லாக் காயிதத்துலயும் வுயுந்தான் வுயுந்தான்னுதான் கீது. நீங்க ஒருத்தர்தான் இல்லன்னு எய்தினு கீறீங்க. அத்த கோர்ட்ல வந்து சொல்லணும். சொல்லுவீங்களா?”

“கூப்பிட்டா வரேம்மா” என்றீர்கள். பிறகு, “கை எப்படி இருக்கு? உள்ளங்கையை மேல திருப்ப வருதா?” என்று கேட்டீர்கள். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். ரிமாண்டில் இருந்தபோது சரியான நாளில் அவரைத் திரும்பக் கூட்டிவரவில்லை. எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. நீங்கள் அவளை அனுப்பிவிட்டு வெகுநேரம் உங்கள் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

சம்மன் வந்த அடுத்த ஞாயிறு, சர்ச் முடிந்ததும் சாமுவேல் அங்கிள் வீட்டுக்கு வந்தார். அவரும், பழனியைப் பிடித்து வைத்திருந்த ஸ்டேஷனின் எஸ்.ஐ.யும் அந்த வழக்கில் எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள். எஸ்.ஐ. முதல் எதிரி, அங்கிள் இரண்டாவது. அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். அவர் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லல” என்றார். “நாள் ஆயிடுச்சு, ஞாபகம் இல்லன்னு ஒரு வார்த்தை. அது போதும். யாருக்கும் எல்லாமும் ஞாபகம் இருக்காதில்ல?”

“எனக்கு ஞாபகம் இருக்கே சாமுவேல்.”

“எனக்கு ரெண்டு பொண்ணுங்கண்ணே.”

“தெரியும்ப்பா. பெரியவளுக்கு ஞானஸ்நானத்துல நான்தானே பக்கத்துல நின்னேன்.” அப்புறம் கேட்டீர்கள்: “நீ அடிச்சியா?”

“நான் அடிக்கலண்ணே. சத்தியமா நான் அடிக்கல.”

“அப்ப அதை நீ கோர்ட்ல சொல்லு. நான் பார்த்ததை நான் சொல்றேன்.”

அங்கிள் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். அம்மா அன்று உங்களிடம் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். “அந்தப் புள்ள இல்லன்னா நான் அந்தத் தண்ணியிலயே போயிருப்பேன். அவன் கும்பிடாத குறையா கேக்கறான். உங்களுக்கு மனசே இல்லையா?”

“அவன் செஞ்சதுக்கு நாமதான் நன்றியா இருக்கணும் லில்லி. அதுக்காக இன்னொருத்தன் கையை எப்படிக் கொடுக்க முடியும்?”

மூன்று நாள் அம்மா உங்களோடு பேசவில்லை. நான் நடுவில் சாப்பாட்டைப் பரிமாறிக்கொண்டு, இரண்டு பேர் சொல்வதும் சரியாகப்படுகிறதே என்று குழம்பிக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் அந்த மூன்று நாள் தூக்கம் வரவில்லை என்பதைக் கண்ணைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

கோர்ட்டுக்கு நான்தான் உங்களோடு வந்தேன். தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டீர்கள். கூண்டில் ஏறியதும் அங்கிளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தீர்கள். அவரும் பழக்கதோஷத்தில் அசைத்துவிட்டார். வக்கீலம்மா கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்னீர்கள். அப்புறம் எஸ்.ஐ. தரப்பு வக்கீல் எழுந்தார்.

“நீங்க என்ன படிச்சிருக்கீங்க?”

“எஸ்.எஸ்.எல்.சி. அதுக்கப்புறம் கட்டு போட ட்ரெயினிங்.”

“டாக்டர் எழுதாததை நீங்க எழுதியிருக்கீங்க. டாக்டரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?”

“இல்லைங்க. டாக்டர் வரிசையில நின்ன எல்லாரையும் பார்த்தாரு. நான் அந்தக் கையை இருபது நிமிஷம் பிடிச்சுக்கிட்டிருந்தேன்.”

“விழுந்தா அந்த இடத்துல உடையவே உடையாதுன்னு அடிச்சுச் சொல்வீங்களா?”

“அப்படிச் சொல்லமாட்டேங்க. வழுக்கறவங்க கையை ஊனுவாங்க. மணிக்கட்டுலதான் பெரும்பாலும் போகும். அடி வரும்போது இப்படித் தடுத்தா இங்க உடையும்.” வலது கையை முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினீர்கள். “உள்ளங்காலைப் பார்த்தப்புறம் எனக்குச் சந்தேகம் இல்லைங்க. வழுக்கி விழறவனுக்கு ரெண்டு உள்ளங்காலும் எப்படிங்க வீங்கும்?”

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு உங்கள் கையை ஒருமுறை பார்த்தார். பிறகு மறுபடி எழுதினார்.

வக்கீல் கடைசியாக, “அப்ப, அவரை யார் அடிச்சாங்கன்னு நீங்க பார்க்கல?” என்று கேட்டார். “பார்க்கலைங்க” என்றீர்கள். அவர் திருப்தியாக உட்கார்ந்தார். பழனியின் சாட்சியத்திலும் அந்த ஓட்டை இருந்தது. எஸ்.ஐ.யின் குரலை அவர் அடையாளம் சொன்னார். ஆனால் கண்ணைத் துண்டால் கட்டியிருந்ததால், கையைப் பிடித்துக்கொண்டது யாரென்று தெரியாது என்று சொல்லியிருந்தார். அந்த ஓட்டை வழியாக சாமுவேல் அங்கிள் வெளியே வந்துவிடுவார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பின் உங்களுக்கு நான்கு மாதம்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், மடியில் பேப்பரோடு அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் பழனியும் செல்வியும் வந்தார்கள். அவர் இடது கையால் மண் அள்ளிப் போட்டார். சொந்தக்காரர் ஒருவர் “வலது கையால போடுப்பா” என்று சொல்லப்போனார். நான் அவரைத் தடுத்துவிட்டேன். வலது உள்ளங்கை மேலே திரும்பினால்தானே மண் அதில் நிற்கும்?

சாமுவேல் அங்கிளும் வந்தார் அப்பா. கேட்டுக்கு வெளியே, ஓர் ஆட்டோவின் பக்கத்தில் நின்றார். உள்ளே வரவில்லை. அம்மா பார்த்தாள். கூப்பிடவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

இனி, நீங்கள் போனபிறகு ஒருநாள் கோர்ட்டில் நடந்தது. சாட்சிகள் எல்லாம் முடிந்தபிறகு, எதிரிகளை நிற்க வைத்து, ஒவ்வொரு சாட்சி சொன்னதையும் படித்துக் காட்டி, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று நீதிபதி கேட்பார். அப்படி ஒரு கட்டம் உண்டென்று எனக்கு அன்றுதான் தெரியும். வக்கீல்கள் ‘பொய் சாட்சி’ என்று மட்டும் சொல்லச் சொல்லி அனுப்புவார்களாம். எஸ்.ஐ. எல்லாவற்றுக்கும் அப்படியே சொன்னார். அவர் அதற்குள் இன்ஸ்பெக்டராகி வேறு ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

பிறகு அங்கிளின் முறை. செல்வி சொன்னதற்கு, “பொய்ங்க ஐயா.” பழனி சொன்னதற்கு, “பொய்ங்க ஐயா.” அடுத்து நீதிபதி உங்கள் பெயரைப் படித்தார். கட்டு அறை ஊழியர், தற்போது காலமாகிவிட்டார், அவர் இவ்வாறு சாட்சியம் அளித்துள்ளார் என்று நீங்கள் சொன்னதையெல்லாம் நிதானமாகப் படித்தார். ஹாலில் உங்கள் வார்த்தைகளை இன்னொருவர் குரலில் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கிள் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய வக்கீல் இருமினார். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

“அவர் சொன்னது உண்மைங்க ஐயா” என்றார் அங்கிள்.

யோசித்துச் சொல்லுங்கள், உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்று நீதிபதி எச்சரித்தார்.

“யோசிச்சுட்டேங்க ஐயா. அவருக்கு ஒண்ணு மட்டும் தெரியாது. தடுக்கறப்ப உடைஞ்சிருக்கும்னு அவர் சொன்னாரு. பழனி கையைத் தூக்கித் தடுக்கலைங்க. நான்தான் அந்தக் கையைப் பிடிச்சு மேஜை ஓரத்துல நீட்டி வச்சிருந்தேன். எஸ்.ஐ. அய்யா அடிச்சாரு.”

எஸ்.ஐ. திரும்பி அவரைப் பார்த்த பார்வையை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பின் பெஞ்சில் பழனி உட்கார்ந்திருந்தார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தன் வலது முன்னங்கையை இடது கையால் பொத்திக்கொண்டார். “யாருன்னு தெரியாமத்தான் இத்தினி நாளு எல்லார் மூஞ்சியையும் பாத்துகினு இருந்தேன்” என்று முணுமுணுத்தார்.

வெளியே வரும்போது அங்கிள் என் பக்கம் வந்தார். “நான் அடிக்கலன்னு அண்ணன்கிட்ட சத்தியம் பண்ணேன் பியூலா. பிடிச்சியான்னு அவர் கேக்கல. கேட்டிருந்தா அன்னிக்கு என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல” என்றார். என்ன சொல்லியிருக்கவேண்டும் அப்பா? நன்றி என்றா? இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள் என்றா?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயை அப்படியே வைத்துவிட்டு, “அந்த மனுஷன் இருந்து கேட்டிருக்கணும்” என்றாள்.

சரி, போன வியாழக்கிழமை வந்த தீர்ப்பு. இரண்டு பேரும் குற்றவாளிகள். எஸ்.ஐ.க்கு மூன்று வருடம், அங்கிளுக்கு ஒரு வருடம். எஸ்.ஐ. அப்பீல் போகிறார். அதனால் தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். சஸ்பெண்ட் ஆகியிருக்கிறார் என்று சொல்கிறார்கள். அன்றைக்கே காரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். அங்கிளின் வக்கீலும் அப்பீல் காகிதத்தைத் தயாராக வைத்திருந்தார். “வேணாம் சார், போதும்” என்று சொல்லிவிட்டார் அங்கிள். கையெழுத்துப் போடவில்லை. அவரைத்தான் புழல் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

அடித்தவர் வீட்டில் இருக்கிறார், உண்மையைச் சொன்னவர் உள்ளே இருக்கிறார். இதற்குப் பெயர் நியாயமா என்று செல்வியிடம் கேட்டேன். அவளுக்கு அதில் என் அளவு குழப்பம் இல்லை. “புட்ச்சுகினதும் தப்புதான மிஸ்? அவுரு உள்ள போனாரு. இவுரும் போவாரு. அப்பீல் எவ்ளோ நாளு ஆவுதோ ஆவட்டும், நான் இன்னா செத்தா பூட்டேன்?” என்றாள்.

பழனி கோர்ட்டு வாசலில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். சந்தோஷமா என்று கேட்டேன். “தெர்ல மிஸ்” என்றார். “வுயுந்துட்டேன்னு என் வாயாலயே சொன்னேன் பாருங்க, அது இத்தினி நாளு தொண்டைலயே நின்னுகினு இருந்துச்சு. இன்னிக்கி அது பூட்ச்சு. அது ஒண்ணு தெரியுது.”

நீங்கள் முதலில் கேட்பது கையைப் பற்றித்தான் என்று தெரியும். மறுபடி ஆபரேஷன் செய்தால் கொஞ்சம் திரும்பும் என்கிறார்கள். உறுதி சொல்லமாட்டேன் என்கிறார்கள். ரோலர் பிடித்து உயரத்தில் பெயின்ட் அடிக்க முடியாது. இப்போது ஊரப்பாக்கத்தில் ஓர் அபார்ட்மென்ட்டில் செக்யூரிட்டி. பள்ளி முடிந்து ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் சில நாள் பார்ப்பேன். இடது கையால் சல்யூட் வைத்துவிட்டுச் சிரிப்பார். கட்டிடத்துக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தபோது சுவருக்குப் பட்டி பார்த்தது சரியில்லை என்று சண்டை போட்டாராம். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது.

அம்மா நேற்று ஒரு காரியம் செய்தாள். கேரியரில் சாப்பாடு எடுத்துக்கொண்டு அங்கிள் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி கதவைத் திறந்து, அம்மாவைப் பார்த்துவிட்டு, “உங்க வீட்டுக்காரரால தான்க்கா எல்லாம்” என்று சொல்லிச் சாத்திக்கொண்டார். அம்மா திரும்பி வந்து கேரியரைக் கழுவி வைத்தாள். கோபமில்லை. “நானும் அதையேதான் ஒரு காலத்துல சொன்னேன்” என்றாள். “அடுத்த வாரம் மறுபடி போறேன்.”

அப்பீல் செங்கல்பட்டில் நடக்கும். எத்தனை வாய்தா ஆகும் என்று வக்கீலம்மாவுக்கே தெரியாது. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, தாம்பரத்தில் ரயில் பிடித்து, செல்வி ஒவ்வொரு முறையும் தனியாகப் போய் வரவேண்டும். இனி தனியாக இல்லை. தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்ட்டர் பக்கம் நான் நிற்பேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். பள்ளியில் கேட்டால் காரணத்தையும் சொல்லுவேன். புழலில் மனு போட்டுத்தான் ஆளைப் பார்க்க முடியும். அம்மாவின் பெயரையும் என் பெயரையும் கொடுத்திருக்கிறேன். அங்கிள் பார்க்கச் சம்மதித்தால் அங்கேயும் போவோம். ஓரிடத்துக்குப் போனால் இன்னோரிடத்துக்குப் போகக்கூடாது என்று உங்களிடம் நான் கற்கவில்லை.

நீங்கள் சொன்னதைத் தப்பென்று நிரூபிக்க எஸ்.ஐ. தரப்பில் ஒரு பெரிய வக்கீல் வரப்போகிறாராம். வரட்டும் அப்பா. அவர் பேசி முடிக்கும்வரை அந்த ஹாலில், செல்விக்குப் பக்கத்தில், நம் வீட்டு ஆள் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் பெண்,
லில்லியின் மகள்,
செல்விக்கு இப்போது அக்காவாகிவிட்ட பியூலா
முடிச்சூர்